கண்ணாடிக்குக் கண்ணாடி ஒரு குழி

2023 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நண்பர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவர் வீட்டு மீன் தொட்டி. வலது பக்கத்தில் மணலே இல்லை, அடிக் கண்ணாடி பளிச்சென்று தெரிகிறது. நடுவில் ஒரு மீன், உடம்பைச் சாய்த்து வாலை விசிறி மாதிரி அடித்து, மிச்சமிருக்கும் மணலையும் தள்ளிக்கொண்டிருக்கிறது. இடது மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தை ஒட்டி இரண்டு மீன்கள் தலை நிமிர்த்தி ஒண்டி நிற்கின்றன. பின்னணியில் நண்பரின் குரல்: "அண்ணே, இவன் யாரையும் கிட்ட விடமாட்டேங்கிறான். பெரிய தொட்டி வாங்கணுமா, இல்ல இவனை மட்டும் எடுத்துடலாமா?"

கடைசியில் இரண்டையுமே செய்ய வேண்டிவந்தது. அதற்குப் பதினோரு மாதம் ஆனது. ஒரு பாதித் தவறு என்னுடையது, அதையும் எழுதுகிறேன்.

நண்பர் இருப்பது டெக்சஸில், டல்லஸுக்கு வடக்கே ஒரு புறநகரில். மீன் சன்ஃபிஷ். கடலில் மிதக்கும் அந்தப் பிரம்மாண்ட வட்டமீன் இல்லை, வட அமெரிக்க நன்னீரில் வாழும் வேறு குடும்பம். புளூகில், பம்ப்கின்சீட், லாங்இயர், கிரீன் சன்ஃபிஷ், வார்மவுத் எல்லாம் இதில் அடக்கம். தட்டையான உடம்பு, முதுகில் முள் வரிசை, செவுள் மூடியின் ஓரத்தில் காது மடல் மாதிரி ஒரு கறுப்புத் தொங்கல். டெக்சஸ்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே அடியாக 'பெர்ச்' என்று சொல்லிவிடுவார்கள். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்காத அந்தப் பழக்கத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

2022 ஏப்ரலில் நண்பரோடு வேலை பார்க்கும் ஒருவர் தன் பண்ணைக் குளத்துக்கு மீன்குஞ்சு வாங்கினார். இங்கே வசந்தகாலத்தில் மீன்பண்ணை லாரி ஊர் ஊராக வந்து தீவனக் கடை வாசலில் நிற்கும், குளம் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கணக்கில் குஞ்சு வாங்கிப் போவார்கள். அதில் ஐந்தை ஒரு பையில் போட்டு "உன் பொண்ணுக்கு" என்று கொடுத்தார். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். வீட்டில் ஏற்கனவே 29 கேலன் தொட்டி, அதாவது சுமார் 110 லிட்டர், காலியாக இருந்தது. கடையில் விசாரித்தால் 'ஒரு அங்குல மீனுக்கு ஒரு கேலன்' என்ற பழைய கணக்கைச் சொன்னார்கள். ஐந்து மீன், பத்து அங்குலம், 29 கேலன். இடம் தாராளம் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அந்தக் கணக்கு நியான் டெட்ரா மாதிரி பொடி மீன்களுக்கு ஏதோ ஓடும். சன்ஃபிஷுக்கு ஓடாது. இரண்டு அங்குல மீன் ஆறு அங்குலமானால் நீளம்தான் மூன்று மடங்கு, எடை ஏறத்தாழ இருபத்தேழு மடங்கு. சாப்பாடும் கழிவும் எடையின் பின்னால்தான் போகும், நீளத்தின் பின்னால் அல்ல.

டிசம்பரில் ஒரு மீன் மூடிக்கும் ஃபில்டருக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாகத் துள்ளி வெளியே விழுந்து செத்தது. மார்ச்சில் இன்னொன்று துடுப்பெல்லாம் கிழிந்து ஒதுங்கிக் கிடந்தது, நான்கு நாளில் போய்விட்டது. நோய் என்று நினைத்து மருந்து வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். எஞ்சிய மூன்றைத்தான் நான் நேரில் பார்த்தேன்.

கண்ணாடி மேல் அளவு நாடாவை ஒட்டிக் கணக்கெடுத்தேன். பெரியது 14 சென்டிமீட்டர், மற்ற இரண்டும் 11, 10. நண்பரின் மகள் பெரியதற்கு 'ரௌடி' என்று பெயர் வைத்திருந்தாள். புளூகில் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். ஆனால் புளூகிலுக்கு வாய் சின்னது, தாடை கண்ணுக்கு வருவதற்கு முன்னாலேயே நின்றுவிடும். ரௌடிக்குத் தாடை கண்ணுக்கு அடியில் வந்து நின்றது. காது மடலும் முழுக் கறுப்பாக இல்லை, வெளிறிய ஓரம் இருந்தது. கன்னத்தில் நீல நெளிகோடுகள், துடுப்பு ஓரத்தில் மஞ்சள். எல்லாம் கிரீன் சன்ஃபிஷின் அடையாளம். ஆனால் உடம்பு அதைவிட உயரம், புளூகில் வாகு. நண்பரைவிட்டு அந்தச் சக ஊழியரிடம் பழைய ரசீதைக் கேட்கச் சொன்னேன். போனில் படம் வந்தது. முதல் வரியில் மூன்று எழுத்து: ஹெச்பிஜி.

ஹைப்ரிட் புளூகில். ஆண் புளூகிலையும் பெண் கிரீன் சன்ஃபிஷையும் கூட்டி எடுக்கும் கலப்பினம். குளக்காரர்களுக்கு இது பிடிக்கும். சீக்கிரம் வளரும், பெல்லட், அதாவது குருணைத் தீவனம், போட்டால் பாய்ந்து வரும், தூண்டிலில் சுலபமாக விழும், ஒரு பவுண்டுக்கு மேலேயும் போகும். இன்னொரு வசதி, பிறப்பவற்றில் பெரும்பாலானவை ஆண். அதனால் குளம் குஞ்சு மயமாகாது. குளத்தில் எது வசதியோ, தொட்டியில் அதுவே வினை. நண்பர் வீட்டுக்கு வந்த ஐந்தில் நான்கோ ஐந்தோ ஆண்களாகத்தான் இருந்திருக்கும். முப்பது அங்குலத் தொட்டிக்குள் ஐந்து ஆண் சன்ஃபிஷ் என்றால் மார்ச் மாதத்துச் சாவுக்கு மருந்துக் கடையில் பதில் கிடைக்காது.

அடுத்து தண்ணீர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் விஷங்களான அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். "தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்றார் நண்பர். நைட்ரேட் சோதனைக்குழாயைக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தோம். நிற அட்டையின் கடைசிக் கட்டத்துச் சிவப்பு, 160 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 160 மில்லிகிராம், அதையும் தாண்டி அடர்ந்து நின்றது. இது ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பெல்லட்டில் 45 சதவீதம் புரதம், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். மூன்று மீனுக்கும் சேர்த்து தினம் இரண்டு கிராம் போடுகிறார், அதில் நைட்ரஜன் 0.14 கிராம். கால் பங்கு மீன் உடம்பில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும் மீதி தண்ணீருக்குத்தான். ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அதையெல்லாம் நைட்ரேட்டாக்கி முடிக்கும்போது, ஆக்சிஜனும் சேர்வதால், ஏறத்தாழ அரை கிராம் ஆகிறது. நூறு லிட்டருக்கு அது நாளுக்கு 5 பிபிஎம், வாரத்துக்கு 35. அவர் மாற்றியதோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அந்த வேகத்தில் மாற்றினால் நைட்ரேட் முந்நூறைத் தாண்டித்தான் ஒரு நிலைக்கு வரும். ஃபில்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. வாளிதான் வேலை செய்யவில்லை.

வாரம் பாதித் தண்ணீர் மாற்றினால் 29 கேலனிலேயே இதைச் சமாளிக்கலாம். அப்படிச் சமாளிப்பவர்களும் உண்டு. 'தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்' என்ற பேச்சுக்கும் இந்த அழுக்குத் தண்ணீரில்தான் வேர் இருக்கிறது. மீன் கண்ணாடியைப் பார்த்து அளவு எடுத்து வளர்வதில்லை, கெட்ட தண்ணீரும் அடி உதையும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மூலையில் நின்ற அந்த இரண்டும் ரௌடியைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைந்ததற்குக் காரணம் வேறு தேட வேண்டாம்.

ஆனால் வாளியால் தீராத ஒன்று இருந்தது. அந்தக் குழி.

நம்மூரில் கோடையில் வற்றிய ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேற்றுத் தரையில் தட்டுத் தட்டாக வட்டப் பள்ளங்கள் இருக்கும், ஜிலேபி மீன் பறித்தவை. சன்ஃபிஷ் ஆணும் அதே ஜாதிப் பழக்கம். தண்ணீர் இருபது டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறியதும் வாலால் விசிறி மணலை ஒதுக்கி ஒரு வட்டம் போடும். விட்டம் ஏறத்தாழ தன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு. பெண் முட்டையிட்டுப் போய்விடும், ஆண்தான் காவல் காத்து, வாலால் காற்றோட்டம் கொடுத்து, குஞ்சு நீந்தும் வரை நிற்கும். பெண்ணே இல்லாவிட்டாலும் குழி பறிக்கும், காவலும் காக்கும்.

14 சென்டிமீட்டர் ரௌடி போட்ட குழியை அளந்தேன், 29 சென்டிமீட்டர். தொட்டியின் அகலம் 12 அங்குலம், அதாவது 30. முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை ஒரே குழி. குழியைச் சுற்றி இரண்டு சாண் தூரம் அவன் எல்லை. தொட்டியின் நீளமே 76 சென்டிமீட்டர்தான். மற்ற இரண்டும் மூலையில் ஒண்டியதற்குப் பயம் மட்டும் காரணமில்லை, தொட்டியில் அவனுடையது அல்லாத இடமே அந்த ஒரு மூலைதான்.

சன்ஃபிஷுக்குத் தொட்டி பார்க்கும்போது கேலனை ஓரமாக வைத்துவிட்டுத் தரையை அளக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அமெரிக்கக் கடைகளில் அளவுகள் ஏறக்குறைய நிலையானவை, ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். 20 லாங் என்ற 20 கேலன் தொட்டியும் 29 கேலனும் 30க்கு 12 அங்குலம், ஒரே தரை, இரண்டரைச் சதுர அடி. கூடுதல் ஒன்பது கேலனும் வெறும் உயரம். 75க்கும் 90க்கும் அப்படித்தான், இரண்டும் 48க்கு 18, ஆறு சதுர அடி. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி 40 பிரீடரும் 55ம். 40 பிரீடர் 36க்கு 18, நாலரைச் சதுர அடி. 55 கேலன் 48க்கு 13, அதைவிடக் கொஞ்சம் குறைவு. பதினைந்து கேலன் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கினாலும் தரை குறைகிறது.

நண்பரின் கண் 55 மேல்தான் இருந்தது. ஒரு கடையில் தள்ளுபடி, நாலடி நீளம், பார்க்க ஜம்மென்று இருக்கும். வேண்டாம் என்றேன். 13 அங்குலம் என்றால் 33 சென்டிமீட்டர். இருபது சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடிய மீன் அதில் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் மூக்கையும் வாலையும் கணக்குப் பார்த்துத் திரும்ப வேண்டும். குழி மறுபடியும் கண்ணாடிக்குக் கண்ணாடி வரும். தப்பிப் போகிற மீன் குழியைச் சுற்றிப் போக வழியில்லாமல் குழியின் மேலேயே போகும், அடி வாங்கும். 75 கேலன் தொட்டியின் 46 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கட்டையை நடுவே வைத்தால் இந்தப் பக்கம் நிற்பவன் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாது. பார்க்காத மீனைத் துரத்த மாட்டான். 125 கேலன், ஆறடி, ஒன்பது சதுர அடி என்றால் இன்னும் நல்லது என்றும் சொன்னேன். ஆனால் அவர் ஹாலில் ஆறடிக்கு வெறும் சுவர் இல்லை. கராஜில் வைக்கலாமா என்றார். டெக்சஸ் ஆகஸ்டில் கராஜ் நாற்பது டிகிரியைத் தொடும். சூடு ஏற ஏற தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடிக்கும் தண்ணீர் 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். கராஜ் கதை அத்தோடு முடிந்தது. மூன்று மீனுக்கு 75 போதும் என்று சொல்லிவிட்டேன். அதுதான் என் பாதித் தவறு.

இங்கே ஒரு விலகல். எல்லா சன்ஃபிஷும் ரௌடி இல்லை. கிரீன், வார்மவுத், வளர்ந்த புளூகில், கலப்பினம் இவற்றில் ஒன்றே ஒன்றை வளர்ப்பதென்றாலும் நான் 75க்குக் கீழே இறங்க மாட்டேன். லாங்இயர் கொஞ்சம் சின்னது, வெளிர் ஓரம் வைத்த நீளக் காது மடலும் ஆரஞ்சும் நீலமுமாக ஆண் மீன் அவ்வளவு அழகு. அதற்கும் 75தான், கூட்டமாக வேண்டுமென்றால் ஆறடித் தொட்டி. ஆரஞ்ச்ஸ்பாட்டட், டாலர் சன்ஃபிஷ் பெரும்பாலும் நான்கு அங்குலத்தோடு நிற்பவை, 40 பிரீடர் அவற்றுக்குப் பொருந்தும். புளூஸ்பாட்டட் வகை மூன்று அங்குலச் சாது, 20 லாங்கிலோ 29லோ ஆறு மீன் சந்தோஷமாக இருக்கும். பிக்மி சன்ஃபிஷ் என்று பேர் வைத்துக்கொண்டு உண்மையில் வேறு குடும்பத்தைச் சேர்ந்த விரல்நுனி மீன்கள் உண்டு, அவற்றுக்கு 10 கேலனே அரண்மனை. ஆக 'சன்ஃபிஷுக்கு எத்தனை கேலன்' என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது எந்த சன்ஃபிஷ் என்று. ஓடையில் பிடிப்பதாக இருந்தால் மாநில விதியைப் படித்துவிட்டுப் பிடிக்க வேண்டும். உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சரி, ஜூலையில் தொட்டி வந்தது. தண்ணீர், மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 75 கேலன் தொட்டி நானூறு கிலோவைத் தொடும். அவர் வீடு தரைத்தளம், கீழே கான்கிரீட், அதனால் கவலையில்லை. மாடி அபார்ட்மென்ட் என்றால் தாங்கும் சுவரை ஒட்டி, உத்தரங்களுக்குக் குறுக்காக வைக்கச் சொல்லியிருப்பேன். பழைய ஃபில்டரின் பஞ்சை அப்படியே புது கேனிஸ்டர் ஃபில்டருக்குள் போட்டோம், பாக்டீரியாவைப் புதிதாக வளர்க்க வேண்டியிருக்கவில்லை. ஊர்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலப்பது குளோரமின், குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது. வெறும் தயோசல்ஃபேட் ஊற்றினால் குளோரின் போய் அமோனியா மிஞ்சும், அதையும் பிடிக்கிற கண்டிஷனர் வேண்டும். நடுவே இரண்டு பெரிய மரவேர், மேலே இடைவெளி இல்லாத மூடி, மூடி மேல் ஒரு செங்கல். ஹீட்டர் கிடையாது.

இரண்டே வாரத்தில் சின்னவை இரண்டும் வெளியே வந்து நீந்தின. நான்கு மாதத்தில் ஒன்று 14 சென்டிமீட்டரைத் தொட்டது. வாரம் பாதித் தண்ணீர் மாற்றத்தில் நைட்ரேட் 25 பக்கம் நின்றது. டிசம்பரில் தண்ணீர் 18 டிகிரிக்கு இறங்கியதும் மூன்றும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் சும்மா நின்றன. நண்பர் எனக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

2024 ஏப்ரலில் தண்ணீர் 23ஐத் தொட்டது. ரௌடி இப்போது 17 சென்டிமீட்டர். இடது கோடியில் குழி, விட்டம் 33. முன்னும் பின்னும் இந்த முறை இடம் இருந்தது, என் அகலக் கணக்கு பலித்தது. பலிக்காதது நீளக் கணக்கு. மீன் வளர்ந்ததோடு எல்லையும் வளரும் என்பதை நான் யோசிக்கவில்லை. மரவேரைத் தாண்டி எண்பது சென்டிமீட்டர் வரை துரத்தினான். மிச்சமிருந்த நாற்பதில் மற்ற இருவருக்குள் சண்டை. மே மாதம் ஒன்றின் வால் பாதி கிழிந்தது. மூன்று ஆண்களுக்கு நாலடி பத்து மாதம் போதும், குழி பறிக்கிற இரண்டு மாதம் போதாது. தொட்டி அளவை அந்த இரண்டு மாதத்துக்குத்தான் எடுத்திருக்க வேண்டும்.

ரௌடியை வெளியே அனுப்புவது என்று முடிவானது. பக்கத்தில் ஏரி இருக்கிறதே என்று யாரோ சொல்ல, அது மட்டும் கூடாது என்றேன். டெக்சஸில் பொது நீர்நிலையில் மீன் விட அனுமதி வேண்டும். விதி இல்லாவிட்டாலும் செய்யக் கூடாது. 1960இல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ சிகாகோ போனபோது நகர மேயர் புளூகில் மீன்களைப் பரிசாகக் கொடுத்தார். உணவு மீனாக வளர்க்கலாம் என்று கொண்டுபோனது ஏரிகளில் பரவி அங்கத்திய மீன்களை அழித்தது. 2007இல், பேரரசரான பிறகு, அதற்காக அவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். நல்லவேளையாக, ரௌடியின் கூடப்பிறந்தவர்கள் இருந்த அதே தனியார் குளம், வெளி ஓடையோடு தொடர்பில்லாதது, இன்னும் இருந்தது. உரிமையாளரிடம் கேட்டு, இரண்டு வாரம் தனி டப்பில் வைத்து, நோய் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கொண்டுபோய் விட்டார்கள்.

அவன் போன மூன்றாவது நாள் இரண்டாமவன் நிறம் கறுத்து அதே குழியில் போய் நின்றான். ஆனால் நாலடியில் இரண்டே பேர், நடுவே மரவேர். துரத்தல் உண்டு, கிழிசல் இல்லை. மூன்றாமவனின் வால் ஆறு வாரத்தில் வளர்ந்துவிட்டது.

காலியான 29 கேலனை நண்பர் விற்கப் பார்த்தார். மகள் விடவில்லை. மாநிலத் தடைப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு ஆறு புளூஸ்பாட்டட் வாங்கிக் கொடுத்தேன். நிறையக் கொடிப்பாசி, மெல்லிய நீரோட்டம், மங்கல் வெளிச்சம். இருட்டில் டார்ச் அடித்தால் உடம்பெங்கும் நீலப் புள்ளி மினுக்கும். ஒரே சிக்கல், இவை பெல்லட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அசைகிற தீனிதான் வேண்டும். அதற்காக அவள் கொல்லைப்புறத்தில் ஒரு வாளியில் கொசுப்புழு வளர்க்கத் தொடங்கினாள். 2012இல் டல்லஸில் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் காய்ச்சல் பரவிய ஆண்டு அவள் அம்மா இங்கேதான் இருந்தார், வாளியைக் கண்டதும் கொதித்துப் போனார். இப்போது வீட்டில் ஒரு உடன்படிக்கை: வாளி இருக்கலாம், ஆனால் வலைமூடி போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை வடிகட்டிக் காலிசெய்ய வேண்டும். வடிகட்டியை அடுக்களையிலிருந்து எடுக்கக் கூடாது.